ஐந்தாண்டு டொமைன் என்று சொல்லி 27,400 ரூபாய் வாங்கிக்கொண்டு ஓராண்டுக்கு மட்டும் பதிந்தார்கள்: எச்சரிக்கை

இணையதளம் அமைத்துத் தருகிறோம், டொமைன் என்ற இணைய முகவரியையும் நாங்களே எடுத்துத் தருகிறோம் என்று வரும் நிறுவனங்களிடம் பணம் கட்டப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். எங்கள் நாட்டு விதை விற்பனை நிலையத்தின் டாட் இன் (.in) முகவரி இந்த வாரம் முடங்கிவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு என்று பேசி 27,400 ரூபாயை ஒரே தவணையில் வாங்கிக்கொண்டவர்கள், அதை ஓராண்டுக்கு மட்டுமே பதிந்திருக்கிறார்கள். அதையும் எங்கள் பெயரில் பதியவில்லை. ஆடிப்பட்டத்துக்கு விதை கேட்டு விவசாயிகள் எழுதும் நேரத்தில், அவர்கள் அனுப்பும் மின்னஞ்சல்கள் எல்லாம் எங்களை வந்தடையாமல் திரும்பிக்கொண்டிருக்கின்றன.

அவர்களை நாங்கள் நம்பிய விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களிடமும் இப்படித்தான் பேசுவார்கள். அந்த நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்து, எங்கள் கடையின் பெயரைத் தட்டி, அது இன்னும் யாராலும் எடுக்கப்படவில்லை என்பதைக் காட்டினார். பிறகு பான் அட்டை நகலும் ஜிஎஸ்டி சான்றிதழும் கேட்டார். எதற்கு என்று கேட்டபோது, "டாட் இன்னுக்கு கேஒய்சி கட்டாயம்க்கா, கவர்மென்ட் ரூல். உங்க பேர்லதான் ஏறும், அதனாலதான் கேக்குறேன்" என்றார். டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸியின் விதிகளின்படி பதிவு செய்பவரின் விவரங்கள் உண்மையாக இருக்க வேண்டும், அடையாளமும் சரிபார்க்கப்பட வேண்டும் என்பது உண்மைதான். அந்த உண்மையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டுதான் அவர் பொய் சொன்னார். ஒவ்வொரு நகலிலும் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்கி, ஈரம் காயும்வரை காத்திருந்து, உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். சட்டப்படி நடக்கிற ஒருவர் என்று யாருக்கும் தோன்றும். அங்கேயே 27,400 ரூபாயை அனுப்பினோம். "டொமைன், ஹோஸ்டிங், மின்னஞ்சல், 5 வருடம்" என்று ரசீதும் கொடுத்தார்கள்.

தளம் திறக்காமல் போன அன்று, ஒரு பெயரை யார், எதுவரை பதிந்திருக்கிறார்கள் என்று காட்டும் நிக்ஸியின் ஹூஇஸ் பக்கத்தில் எங்கள் முகவரியைத் தேடிப் பார்த்தோம். தனிப்பட்ட விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும் என்றாலும், பதிவு செய்த அமைப்பின் பெயர் தெரியும். அந்த இடத்தில் இருந்தது எங்கள் கடையின் பெயரன்று, அந்த இணையதள நிறுவனத்தின் பெயர். அதற்கு மேலே இருந்த காலாவதித் தேதி, பதிந்த நாளிலிருந்து சரியாக ஓராண்டு. நிலை என்ற இடத்தில் ரிடெம்ப்ஷன் பீரியட், அதாவது காலாவதியான பெயரைக் கட்டணம் கட்டி மீட்கத் தரப்படும் அவகாசம், என்று இருந்தது. பான் அட்டையும் முத்திரையும் எங்களிடமிருந்து வாங்கிப் போனது எதற்காக என்று இப்போது கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

தொலைபேசியில் கூப்பிட்டபோது முதலில் சர்வர் பிரச்சினை என்றார்கள். பிறகு டெக்னிக்கல் டீம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். அடுத்து, கணக்கு பார்க்கிறவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். ரசீதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அலுவலகத்துக்கே நேரில் போய் நின்ற பிறகுதான் அதே இளைஞர் வெளியே வந்து, "மேடம், ரூல் மாறிடுச்சு. நிக்ஸி பெனால்டி போட்டிருக்காங்க, 9,000 கட்டினா ரிலீஸ் பண்ணலாம்" என்றார். அது அபராதமே அன்று. காலாவதியாகி நீக்கப்பட்ட பெயரை மீட்டெடுப்பதற்கு வாங்கப்படும் கட்டணம் அது. உரிய நாளில் புதுப்பித்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது. ஒரு டாட் இன் பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்க, சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய் அளவில்தான் ஆகும். எங்கள் 27,400 ரூபாயில் அந்தச் சிறு தொகையைக்கூட எடுத்துக் கட்ட மனமில்லாதவர்கள், அரசின் பெயரைச் சொல்லி மேலும் 9,000 கேட்கிறார்கள் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

டொமைன் பெயர்களை நிக்ஸியிடம் பதிந்து தரும் ரெஜிஸ்ட்ரார் நிறுவனத்துக்கு எழுதினால், கணக்கு எங்களுடையது இல்லை என்பதால் அதன் உரிமையாளர் மூலமாகத்தான் வர வேண்டும் என்கிறார்கள். எங்களிடம் பணம் வாங்கியவர்கள் நிக்ஸி அங்கீகாரம் பெற்ற ரெஜிஸ்ட்ராரே இல்லை, இடையில் நிற்கும் மறுவிற்பனையாளர்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. டாட் இன் பெயர்த் தகராறுகளுக்கு ஐஎன்டிஆர்பி என்ற நடுவர் முறை இருக்கிறது. அதில் அந்தப் பெயரில் நமக்கு உரிமை உண்டு, பதிந்தவருக்கு நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதியப்பட்டது அல்லது பயன்படுத்தப்படுகிறது என்று மூன்றையும் நிறுவ வேண்டும். டொமைன் பெயருக்கும் வணிகச்சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004இலேயே சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் ரிடெம்ப்ஷன் காலம் 30 நாள், அதன்பின் 5 நாளில் பெயர் விடுவிக்கப்பட்டு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றிருக்கும்போது, நடுவர் தீர்ப்புக்குக் காத்திருக்க எங்களுக்கு நேரம் ஏது? 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். வணிகத்துக்காக வாங்கிய சேவை என்று அந்த இணையதள நிறுவனத்தினர் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துகிறவர்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையான தொகைக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

விரிவாக எழுத இப்போது மனநிலை இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கட்டிய அன்றே ஹூஇஸ் பக்கத்தில் பதிந்தவர் பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். ரசீதில் உள்ள ஆண்டுக் கணக்கை நம்பாதீர்கள். ரெஜிஸ்ட்ராரிடம் உள்ள கணக்கு உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் கைபேசி எண்ணிலும் இருக்க வேண்டும், அந்த மின்னஞ்சலும் அதே டொமைனில் இருக்கக் கூடாது. பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவைப்படும் ஆத் கோடை உங்களால் எடுக்க முடிகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். ஆவண நகல் கொடுத்தால் எந்த டொமைனுக்காக, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே இப்படி யாரிடமாவது மொத்தப் பணம் கட்டியிருப்பவர்கள் இன்றே உங்கள் முகவரியின் காலாவதித் தேதியைப் பாருங்கள்.