எல்.டி.ஆரா, ஃபோட்டோ டிரான்சிஸ்டரா, ஃபோட்டோடயோடா?

மூன்றுமே வெளிச்சத்தை உணரும் பாகங்கள்தான். இருட்டியதும் தானாக எரியும் வாசல் விளக்குக்கு, வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறும் எல்.டி.ஆர். போதும், இதில் விவாதமே வேண்டாம். வெளிச்சத்தில் சில நூறு ஓம், இருட்டில் மெகா ஓம் என்று அதன் மின்தடை ஏறி இறங்குவது சாதாரண மல்டிமீட்டரிலேயே தெரியும். குறை அதன் மந்தம்தான். வெளிச்சம் மாறினால் சுதாரிக்கப் பல மில்லி செகண்டுகள் ஆகும். போதாக்குறைக்கு, உள்ளே இருப்பது நச்சான காட்மியம்.

ஃபோட்டோடயோடு வேறு ரகம். அதன் உள்ளே இரண்டு வகை சிலிக்கான் சேரும் பி-என் சந்திப்புக்கு ரிவர்ஸ் பயாஸ், அதாவது தலைகீழ் வோல்டேஜ், கொடுத்தால் நடுவே மின்னூட்டத் துகள்கள் காலியான பகுதி அகலமாகும். அங்கே விழும் ஃபோட்டானுக்கு, அதாவது ஒளித்துகளுக்கு, சிலிக்கானின் 1.12 எலக்ட்ரான் வோல்ட்டை மிஞ்சிய ஆற்றல் இருந்தால், ஓர் எலக்ட்ரானும், அது விட்டுப்போன இடமான ஒரு துளையும் பிறக்கும். அங்குள்ள மின்புலம் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் இழுத்துவிடும், மின்னோட்டம் ரெடி. வெளிச்சம் இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும். வெளிச்சம் ஆயிரம் மடங்கு கூடினாலும் இந்தக் கணக்கு பெரிதாகப் பிசகாது.

வேகமும் அப்படித்தான். பி.பி.டபிள்யூ.34 என்ற ஃபோட்டோடயோடு சுமார் 100 நானோ செகண்டில் எழும். மலிவான எல்.இ.டி. பல்புக்கு அடியில் வைத்து ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால், நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ் துடிப்பு அலையலையாகத் தெரியும். எல்.டி.ஆர். அதை மழுங்கடித்துவிடும்.

ஆனால் கிடைப்பது மைக்ரோ ஆம்பியர்தான். ஆப்-ஆம்ப் என்ற பெருக்கி ஐ.சி.யும் 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் சேர்த்தால் 1 மைக்ரோ ஆம்பியர் 1 வோல்ட்டாகும். அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே சில பிகோ ஃபாரட் கெப்பாசிட்டரைப் போட மறந்தால், சர்க்யூட் தானாகவே ஆசிலேட் ஆக, அதாவது அலைபாய, ஆரம்பித்துவிடலாம். புதிதாகச் செய்பவர்கள் வெறுத்துப்போவது இங்கேதான். வேகம் முக்கியமில்லை என்றால் பயாஸே கொடுக்காமல் ஓட்டலாம். இருட்டிலும் கசியும் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாமல் போகும்.

ஃபோட்டோ டிரான்சிஸ்டர் இரண்டுக்கும் நடுவில். உள்ளேயே சில நூறு மடங்கு பெருக்கிக் கொடுக்கும், ஆனால் அந்தப் பெருக்கம் பீஸுக்குப் பீஸ் மாறும், வெளிச்சத்தைப் பொறுத்தும் மாறும். பிரிண்டரில் பேப்பர் வந்ததா இல்லையா என்று பார்க்கச் சரி. அளந்து சொல்லச் சொன்னால் நம்ப மாட்டேன்.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் ஃபோட்டோடயோடு இருப்பதும் அதனால்தான். விரலைக் கடந்து வரும் ஒளியில் நாடித்துடிப்போடு மாறுவது சில சதவீதம் மட்டுமே. சிவப்பு, அகச்சிவப்பு இரண்டிலும் அதைத் துல்லியமாக அளந்து விகிதம் பார்க்க வேண்டும்.

அப்புறம், வாங்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் உறையில் வருபவை பெரும்பாலும் அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும். அகச்சிவப்பில் பேசும் ரிமோட்டுக்கு அது வரம், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டருக்கு உதவாது.