முதல் வேலையில் பெர்சனாலிட்டி டெஸ்ட்: எம்பிடிஐயா, பிக் ஃபைவா?

வேலைக்குச் சேர்ந்த ஒன்றிரண்டு வருடத்துக்குள் ஏதாவது ஒரு பெர்சனாலிட்டி டெஸ்ட் நம்மைத் தேடி வந்துவிடுகிறது. டிரெய்னிங்கில் எச்ஆர் கொடுப்பார்கள், இல்லையென்றால் டீமில் யாராவது லிங்க் அனுப்புவார்கள். எனக்கு ஆபீஸில் கொடுத்தது எம்பிடிஐ, அதாவது மையர்ஸ்-பிரிக்ஸ் டைப் இண்டிகேட்டர். அப்புறம் நானாகத் தேடி எடுத்தது பிக் ஃபைவ் வகையைச் சேர்ந்த, இலவசமாகக் கிடைக்கிற ஐபிஐபி-நியோ என்ற டெஸ்ட். இப்போது புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்கிறேன்.

எம்பிடிஐ பலருக்கும் தெரிந்ததுதான். உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய கருத்துகளை அடிப்படையாக வைத்து, கேத்ரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவாக்கியது. எதிரெதிர் இயல்புகளாக நான்கு ஜோடிகள், ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்று உங்களுக்கு, அதற்கு ஒரு எழுத்து. இப்படி நான்கு எழுத்து சேர்ந்து மொத்தம் 16 வகை. காசு கட்ட வேண்டும், ஆனால் பெரும்பாலும் கம்பெனி கட்டிவிடும். ரிப்போர்ட் படிக்க நன்றாக இருக்கும், யாரையும் குறை சொல்லாது. ஒருவரையொருவர் தெரியாத புது டீமைப் பேசவைக்க இது அருமையான வழி, அதை நான் மறுக்கவே மாட்டேன். இணையத்தில் சும்மா கிடைக்கும் 16பெர்சனாலிட்டீஸ் என்பது வேறு டெஸ்ட், எழுத்துகள் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம்.

பிக் ஃபைவ் உங்களை எந்த வகைக்குள்ளும் அடைக்காது. புதியதை நாடும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, அனுசரணை, மனப்பதற்றம் என்று ஐந்து குணங்களில் நீங்கள் எந்த அளவில் இருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லும். லூயிஸ் கோல்ட்பெர்க் என்ற உளவியலாளர் இதற்கான கேள்விகளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டதால்தான் ஐபிஐபி-நியோ இலவசம். 300 கேள்வி வடிவமும் உண்டு, ஜான் ஜான்சன் சுருக்கிய 120 கேள்வி வடிவமும் உண்டு. நமக்கு 120 போதும்.

சரி, எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது ஒரே விஷயம்: அதே டெஸ்டை இரண்டு வருடம் கழித்து மறுபடி எடுத்தால் பழைய ரிசல்ட்டுக்கு என்ன மதிப்பு?

மனிதர்களில் பெரும்பாலோர் எந்தக் குணத்திலும் நடுவில்தான் இருக்கிறார்கள், இரண்டு ஓரத்திலும் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். எம்பிடிஐ அந்த நடுவில்தான் கோடு போடுகிறது. கோட்டுக்கு மயிரிழை இந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு எழுத்து, அந்தப் பக்கம் இருப்பவருக்கு எதிர் எழுத்து, உண்மையில் இருவரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆட்களாக இருந்தாலும். மறுமுறை எடுக்கும்போது ரெண்டு கேள்விக்குப் பதில் மாறினாலே வகை மாறிவிடும், சில வாரங்களிலேயே பலருக்கு ஒரு எழுத்தாவது மாறிவிடுகிறது என்பது இந்த டெஸ்டின் மேல் ரொம்ப காலமாக இருக்கும் விமர்சனம். எண்ணாகச் சொல்லும் டெஸ்டில் 52 என்பது 48 ஆனால் அது 48, அவ்வளவுதான். நீங்கள் வேறு ஆளாகிவிடுவதில்லை.

இருபதுகளில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் சராசரியாகப் பொறுப்புணர்வு கூடுகிறது, மனப்பதற்றம் குறைகிறது என்று நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது குணம் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் வயதில்தான் நம் கையில் இந்த டெஸ்டைக் கொடுக்கிறார்கள். எண்ணாக இருந்தால் எவ்வளவு நகர்ந்தது என்று பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நான்கு எழுத்தாக இருந்தால் ஒன்று அப்படியே நிற்கும், இல்லையென்றால் திடீரென்று மாறும், நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. அதைவிட மோசம், 22 வயதில் ஒட்டிய எழுத்தைப் பிடித்துக்கொண்டு "நான் இன்ட்ரோவர்ட், கிளையன்ட் கால் எனக்குச் சரிப்படாது" என்று ஒதுங்குபவர்கள். நல்ல திறமைசாலிகள் இப்படி ஒதுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும்.

ஐபிஐபி-நியோவில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் உட்பிரிவுகள். ஒவ்வொரு குணத்துக்கும் ஆறு, மொத்தம் 30. பொறுப்புணர்வு என்ற ஒன்றுக்குள்ளேயே ஒழுங்கு தனி, சுயகட்டுப்பாடு தனி, முன்யோசனை தனி. "பொருட்களை அங்கங்கே போட்டுவிடுவேன்", "வேலைகளை உடனுக்குடன் முடித்துவிடுவேன்" என்ற மாதிரி சாதாரண வாக்கியங்கள்தான், எவ்வளவு பொருந்தும் என்று ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்கு ஒழுங்கு கீழே வந்தது, சுயகட்டுப்பாடு மேலே வந்தது. சொன்ன தேதியில் வேலையை முடித்துவிடுவேன், ஆனால் அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று அடுத்தவரால் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த அப்ரைசலில் மேனேஜரிடம் இதைத்தான் பேசினேன், டீமுக்கென்று ஒரு ஃபோல்டர் முறை வைத்துக்கொண்டோம். 16 வகையில் எதை வைத்து இந்தப் பேச்சை ஆரம்பித்திருக்க முடியும்? எல்லா வகை வேலைகளிலும் வேலைத்திறனோடு தொடர்பு தெரிகிற குணம் பொறுப்புணர்வுதான் என்று பேரிக், மவுண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991-இலேயே பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள் என்பதால், முதலில் அந்தப் பகுதியைப் படியுங்கள்.

குறையும் உண்டு. ரிப்போர்ட் கொஞ்சம்கூட இனிக்காது, மனப்பதற்றம் அதிகம் என்று வந்தால் அன்றைக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். இன்னொன்று, நான் எடுத்தது ஆங்கிலத்தில், சில வாக்கியங்களுக்கு நம் வீட்டுச் சூழலில் என்ன பதில் சொல்வது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

காலப் நிறுவனத்தின் கிளிஃப்டன்ஸ்ட்ரெங்த்ஸ் என்ற டெஸ்ட் பற்றியும் கேட்கிறார்கள். 34 பலங்களில் உங்களுடைய முதல் ஐந்தைச் சொல்லும், அதுவும் காசு. நான் எடுத்ததில்லை, எடுத்த நண்பர்கள் ஊக்கமாக இருந்தது என்கிறார்கள். நான் ஐடியிலேயே இருப்பவன், சேல்ஸில் இருப்பவர்களுக்கு என் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆபீஸே எம்பிடிஐ கொடுத்தால் தாராளமாக எடுங்கள், ரிப்போர்ட்டை யார் பார்ப்பார்கள் என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக்கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது, அதனால் இன்டர்வியூவில் இதை நீட்டினால் எதற்கு என்று தயங்காமல் கேட்கலாம். ஐபிஐபி-நியோவை வீட்டில் எடுத்து, ரிப்போர்ட்டைத் தேதி போட்டு சேமித்து வையுங்கள், அடுத்த முறை எடுக்கும்போது கட்டாயம் தேவைப்படும்.