லேபிளை நம்பி 1950 நாற்காலி வாங்கிவிடாதீர்கள்

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு பழம்பொருள் சந்தையில் போன மாதம் 1,400 டாலர் கொடுத்து ஏமாந்தேன். எனக்கு விற்ற ஆள் இன்னும் அங்கே கடை போடுகிறார் என்பதால் எழுதுகிறேன்.

சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி வடிவமைத்து ஹெர்மன் மில்லர் நிறுவனம் விற்ற ஃபைபர்கிளாஸ் நாற்காலி அது. கைப்பிடி உள்ளது, சாம்பல் நிறம். "1950-ல் வந்த முதல் வரிசை, ஜெனித் பிளாஸ்டிக்ஸ் செய்தது" என்று சொல்லிக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் சதுரங்கக் கட்டம் போட்ட, பழுப்பேறிய காகித லேபிள். முதல் வரிசைக்கு அதுதான் அடையாளம் என்று நானும் படித்திருந்தேன். வேறு எதையும் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் கவிழ்த்துப் போட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் கண்ணில் பட்டது. லேபிளுக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு இடம் மட்டும் மங்கிக் கிடந்தது. தடவினால் சொரசொரப்பு, கண்ணாடி இழை விரலில் ஏறிக் குத்தியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அப்படியும் ஹெர்மன் மில்லர் என்ற புடைப்பெழுத்தின் கடைசி இரண்டு எழுத்துகள் முழுதாக அழியவில்லை. வார்ப்பிலேயே புடைப்பாக வரும் அந்தப் பெயர் பிற்காலத்து நாற்காலிகளில்தான் உண்டு. முதல் வரிசையில் வெறும் காகித லேபிள்தான்.

சரி, விளிம்பையாவது பார்ப்போம் என்று பார்த்தேன். கலிபோர்னியாவின் கார்டினாவில் ஜெனித் செய்த ஆரம்பகால நாற்காலிகளில் விளிம்பு வலுவாக இருக்க உள்ளே ஒரு கயிறு வைத்து வார்த்தார்கள். விளிம்போடு கட்டைவிரலை ஓட்டினால் அது திரட்சியாகத் தட்டுப்படும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கோடாகத் தெரியும். 1950-களின் நடுவிலேயே இந்தக் கயிறு நின்றுவிட்டது. என் நாற்காலியின் விளிம்பு சுற்றிலும் ஒரே மெல்லிசு. லேபிளை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், வார்த்து முடித்த ஃபைபர்கிளாஸ் ஓட்டுக்குள் (உட்காரும் பகுதிக்குள்) கயிற்றை நுழைக்க முடியாது. அதனால் முதலில் விளிம்பைத் தடவிப் பாருங்கள், அப்புறம் கவிழ்க்கலாம்.

நாற்காலியின் கால்களை ஓட்டோடு இணைக்கும் ரப்பர் வட்டுகளும் ஆரம்பத்தில் பெரிதாக இருந்து பின்னால் சிறிதாயின. பெரியதை எடுத்துவிட்டுச் சிறியது ஒட்டியிருந்தால் பழைய பசைத் தடம் வெளியே தெரியும். என்னுடையதில் சிறிய வட்டுகள், சுற்றிலும் எந்தத் தடமும் இல்லை.

நாற்காலிக் கால்களை வைத்து வருடம் சொன்னால் காதில் வாங்காதீர்கள். நாலு திருகு கழற்றினால் கால் மாறிவிடும். ஆடும் நாற்காலிக்கான கட்டைகள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. என் நாற்காலியின் கால்களையும் "ஒரிஜினல்" என்று சொல்லித்தான் விலையை ஏற்றினார்.

நாற்காலி போலி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னாளில் வந்த நல்ல நாற்காலிதான், உட்கார சுகமாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு நான் கொடுத்தது முதல் வரிசையின் விலை. பெயரைத் தேய்த்து அழித்துவிட்டதால் இனி நியாயமான விலைக்கும் விற்க முடியாது.

திரும்பப் போய்க் கேட்டேன். "விற்றது விற்றதுதான்" என்றார். ரசீதை எடுத்துப் பார்த்தால் "பழைய நாற்காலி 1" என்று மட்டும் இருக்கிறது. நீங்கள் வாங்கினால் செய்தவர் பெயர், ஆண்டு இரண்டையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.