அம்மாவின் வால்வு: டோபுடமைன் எக்கோவா, சிடி கால்சியம் ஸ்கோரா?

அம்மாவுக்கு 76 வயது. பாதி மாடிப்படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். எக்கோவில் அயோர்டிக் வால்வின் (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசல்) திறப்பு 0.8 சதுர செ.மீ., அதாவது கடுமையான சுருக்கம். அதே தாளில் வால்வுக்கு இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசம் 31 மி.மீ. பாதரசம்தான். கடுமை என்று சொல்ல 40 இருக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு வால்வை மாற்றுவதா, காத்திருப்பதா?

தீர்க்க இரண்டு வழி சொன்னார்கள். டோபுடமைன் மருந்தை டிரிப்ஸில் ஏற்றி, இதயத்தை முடுக்கிவிட்டு மறுபடி எக்கோ பார்ப்பது, இல்லையென்றால் வால்வில் படிந்த கால்சியத்தை சிடியில் அளப்பது. நாங்கள் சிடிக்குப் போனோம், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

டோபுடமைன் முக்கியமாகப் பம்பிங் குறைந்தவர்களுக்கு. மருந்து ஏற்றியும் ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் 20 சதவீதமாவது கூடாவிட்டால் அதிலும் பதில் கிடைக்காது. அம்மாவுக்குப் பம்பிங் 60 சதவீதம், சுவர் தடித்து உள்ளறைதான் சிறுத்துவிட்டது, அதனால் ஒரு துடிப்பில் போகும் ரத்தமும் குறைவு. சிடியில் கான்ட்ராஸ்ட் (ரத்தத்தில் ஏற்றும் சாயம்) கிடையாது, அதனால் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகக் கவலையும் இல்லை. மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், முடிந்தது.

ஆனால் ஸ்கோரை யாருடைய அளவுகோலில் படிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அம்மாவுக்கு 1,740 வந்தது. ரிப்போர்ட்டில் '2,000-க்குக் கீழ், மிதமானது' என்று எழுதிவிட்டார்கள். அந்த 2,000 ஆண்களுக்கானது! 2021 ஐரோப்பிய வழிகாட்டுதலில் பெண்களுக்கு 1,200 தாண்டினாலே கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம், 1,600 தாண்டினால் ஏறக்குறைய உறுதி. ஆண்களுக்குத்தான் 2,000, 3,000. பெண்களின் வால்வில் நார்த்திசு அதிகம், குறைந்த கால்சியத்திலேயே இறுகிவிடும். ரிப்போர்ட்டின் மேலேயே 'பெண்' என்று அச்சிட்டிருந்ததைக் காட்டித்தான் திருத்தி வாங்கினேன். அப்புறம், பக்கத்திலிருக்கும் கரோனரி (இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய்), மைட்ரல் (அடுத்த வால்வு) வளையத்துக் கால்சியத்தையும் சேர்த்து எண்ணிவிட்டார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

ருமாட்டிக் காய்ச்சலில் கெட்ட வால்வென்றால் இந்த ஸ்கோரை அப்படியே நம்பச் சொல்ல மாட்டேன், கால்சியம் குறைவாகவே சுருங்கியிருக்கலாம். பம்பிங் குறைந்தவர்கள் விஷயத்தில் எங்களுக்கு அனுபவமில்லை, அங்கே டோபுடமைன் முந்தலாம்.

டாவி (நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைப் பொருத்துவது) என்று முடிவானதும் வால்வு அளவுக்காகத் தனியாகக் கான்ட்ராஸ்ட் சிடி எடுத்தார்கள். முதலிலேயே இதை எடுத்து ஸ்கோரும் பார்த்திருக்கலாமே, ஒரு செலவு மிச்சமாகியிருக்குமே என்று கேட்டேன். சிடியில் பிரகாசத்தை அளக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் 130-ஐத் தொட்டாலே கணக்கில் கால்சியம்தானாம். கான்ட்ராஸ்ட் ஏறிய ரத்தமே அதைவிடப் பிரகாசமாகத் தெரியுமாம், அதனால் அதில் இந்த ஸ்கோர் எடுக்க முடியாதாம்.