பெர்ஃப்: இல்லாததைச் சொல்லாத கருவி

கார்டெக்ஸ்-ஏ7 செயலியுள்ள லினக்ஸ் பலகை வாங்கியிருக்கும் நண்பர், நிரலின் நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்க பெர்ஃப் போடலாமா, ஜிப்ரோஃபே போதுமா என்று கேட்டார். பெர்ஃபையே போடுங்கள் என்றேன். ஜிப்ரோஃபுக்காக நிரலைத் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும். லினக்ஸின் மையமான கர்னலுக்குள் நடப்பதையும் அது காட்டாது. பெர்ஃபோ ஓடிக்கொண்டிருக்கும் நிரலையும் கர்னலையும் ஒருசேர அளக்கும். 2009இல் வந்த 2.6.31 பதிப்பு முதல் கர்னலின் மூல நிரலோடேயே கிடைக்கிறது.

ஆனால் அதன்மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. தனக்கு எது கிடைக்கவில்லை என்பதை அது வாய்திறந்து சொல்வதில்லை.

எங்கள் பலகையோடு வந்த டிவைஸ் ட்ரீயில், அதாவது வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பில், பிஎம்யு (செயலிக்குள் நிகழ்வுகளை எண்ணும் பகுதி) பற்றிய குறிப்பே இல்லை. பெர்ஃப் ரெக்கார்ட் என்ற கட்டளை, செயலியின் சைக்கிள் எண்ணியைத் தேடியது. கிடைக்காததும் சத்தமில்லாமல் டைமரை நம்பும் சிபியு-கிளாக்குக்கு மாறிக்கொண்டது. வெர்போஸ், அதாவது விரிவான வெளியீடு, கேட்டிருந்தால்தான் எச்சரிக்கை வரும். இல்லாவிட்டால் அறிக்கையின் தலைப்பில் நிகழ்வின் பெயர் மட்டும் மாறியிருக்கும். நாள் முழுக்கச் செலவழித்து எடுத்த அளவீட்டில் இவ்வளவு பெரிய மாற்றத்தை ஒரு கருவி மறைக்கலாமா?

பலகைக்கான லினக்ஸைக் கட்டித்தரும் பில்ட்ரூட்டில், நிரல் கோப்புகளிலிருந்து பெயர்களைப் படிக்க உதவும் எல்ஃப்யூட்டில்ஸைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும் இதே கதைதான். பெர்ஃப் ஓடும், செயல்கூறுகளின் பெயருக்குப் பதில் வெறும் முகவரிகள் வரிசையாக வந்து நிற்கும்.

பிஎம்யுவைச் சேர்த்த பிறகு, கர்னல் தொடங்கும்போதே 5 கவுன்ட்டர்கள் தயார் என்ற வரி வந்தது. கேஷ் மிஸ்களை (தேடிய தரவு கேஷில் இல்லாமல் போகும் தடவைகளை) எண்ண முடிந்த அன்று உண்மையிலேயே மகிழ்ந்தேன். அப்போதும், கர்னலில் பூட்டை விடுவித்து இன்டரப்ட்டுகளைத் திரும்பத் திறக்கும் ஸ்பின் அன்லாக் செயல்கூறு, அதிக நேரம் எடுப்பவற்றின் பட்டியலின் உச்சியிலிருந்து இறங்கவில்லை. பெர்ஃப் மாதிரி எடுப்பது பிஎம்யுவின் இன்டரப்ட் (செயலியை இடைமறிக்கும் சைகை) வரும்போதுதான்; இந்தச் செயலியில் அதுவும் மற்ற இன்டரப்ட்டுகளோடு சேர்ந்தே தடைபடுகிறது. தடை நீங்கும் இடத்தில்தான் மாதிரி பதிவாகிறது. ஆகவே அந்தப் பெயரைப் பார்த்ததும் டிரைவர் எழுதியவர்மேல் பாயாதீர்கள்.

கால் கிராஃபை (எந்தச் செயல்கூறு எதை அழைத்தது என்ற வரைபடத்தை) டிபக் தகவலை நம்பும் டுவார்ஃப் முறையில் எடுத்தால், மாதிரிக்கு 8 கேபி ஸ்டாக் நகலாகும். விநாடிக்கு 4,000 மாதிரிகள் என்றால் ஒரு கோருக்கே ஏறத்தாழ 32 எம்பி. எஸ்டி கார்டு தாங்காது. விநாடிக்கு 99 மாதிரிகளாகக் குறைத்து, நினைவகத்திலேயே இயங்கும் டெம்ப்எஃப்எஸ்ஸில் எழுதுங்கள். அலசலைக் கணினியில், பலகையின் கோப்புகள் இருக்கும் இடத்தைச் சுட்டும் சிம்எஃப்எஸ் விருப்பத்தைக் கொடுத்துச் செய்யுங்கள்.

இதைவிடச் சிறந்த கருவி என் கண்ணில் படவில்லை. ஆனாலும், வாரக் கடைசிக்குள் விடை சொல்ல வேண்டிய புதியவர் கையில் இதை நான் கொடுக்கமாட்டேன்.