தேயிலை அலுவலகத்தில் ஆங்கிலம் கற்ற மூன்றரை ஆண்டுகள்: என் பயன்பாட்டு அனுபவம்

கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் பச்சை இலைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான், இப்போது குன்னூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இடையில் மூன்றரை ஆண்டுகள் ஆங்கிலத்துக்காகப் பணமும் நேரமும் செலவழித்தேன். எதில் சேர்ந்தாய், எந்தச் செயலி நல்லது, எவ்வளவு ஆயிற்று என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், முழுவதையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பிறகு பி.காம். முடித்தவள் நான். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் மெதுவாகப் படித்துப் புரிந்துகொள்வேன். யாராவது பேசினால் முதல் வாக்கியத்திலேயே கை நடுங்கும். என்னுடைய தொடக்க நிலை அதுதான்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை ஒரு தொலைபேசி அழைப்புதான் காட்டிக்கொடுத்தது. குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடந்துவருகிறது. வியாழன், வெள்ளிக் கிழமைகளில் நடக்கும் அந்த ஏலம் கணினிக்கு மாறிவிட்டது என்றாலும், தரகர்களும் வாங்குபவர்களும் தொழிற்சாலைகளை அழைத்துப் பேசுவது நிற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மேலாளர் வெளியே போயிருந்தபோது கொல்கத்தாவிலிருந்து ஒருவர் அழைத்து, எங்களிடம் தேங்கியிருந்த டஸ்ட் என்ற பொடித்தூள் ரகத்துக்குத் தாம் தரக்கூடிய விலையைச் சொன்னார். நான் ‘ஒன் ஃபிஃப்டி’ என்று காதில் வாங்கி, 150 என்று குறித்துக்கொண்டேன். அவர் சொன்னது ‘ஒன் ஃபிஃப்டீன்’. கிலோவுக்கு 35 ரூபாய் வித்தியாசம். அந்த விலையைக் கேட்டு முகம் மலர்ந்த மேலாளர், மறுநாள் காலை எழுத்தில் 115 என்று வந்ததைப் பார்த்ததும் என்னைத் திட்டவில்லை. “இனி நம்பர் ஏதாச்சும் சொன்னா வாட்ஸ்அப்ல போடச் சொல்லும்மா” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

காரணம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. ‘ஃபிஃப்டீன்’ என்பதில் பின்பகுதிக்கு அழுத்தம், ‘ஃபிஃப்டி’ என்பதில் முன்பகுதிக்கு. கடைசியில் வரும் ‘ன்’ தொலைபேசியின் இரைச்சலில் கரைந்துவிடும். அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை வைத்துத்தான் கேட்பவர் பிரித்தறிய வேண்டும். தமிழில் ஓர் அசையை அழுத்திச் சொல்வதால் ஒரு சொல் வேறொரு சொல்லாக மாறிவிடுவதில்லை என்பதால், நம் காது அந்த அழுத்தத்தைத் தேடுவதே இல்லை. இலக்கணப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டியிருந்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது.

முதலில் எல்லோரையும் போல நானும் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். 90 நாள், 8,500 ரூபாய், ஓர் அறையில் 34 பேர். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒரு பத்தியை எல்லோரும் மனப்பாடம் செய்து, ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஒப்பித்தோம். பள்ளியில் ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று விடுப்புக் கடிதத்தை உருப்போட்டதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. நான்கு பேர் முன்னால் எழுந்து நிற்கும் கூச்சம் கொஞ்சம் போயிற்று என்பதைத் தவிர அந்தப் பணத்துக்கு வேறு கணக்குக் காட்ட முடியாது. சான்றிதழை இன்றுவரை எந்த நேர்காணலிலும் யாரும் கேட்கவில்லை.

அடுத்து ஒரு கைப்பேசிச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். ஒரு நாள் தவறாமல் 214 நாட்கள் பயன்படுத்தினேன் என்று அதுவே என்னைப் பாராட்டியது. எழுத்துப்பிழைகள் குறைந்தன, இறந்தகால வினைகள் மனத்தில் நின்றன; அவற்றை மறுக்கமாட்டேன். ஆனால் சரியான விடையைத் தொட்டுத் தேர்ந்தெடுப்பது ஒரு திறமை, வாயைத் திறந்து சொல்வது வேறொரு திறமை. 214ஆம் நாளிலும் அலுவலகத் தொலைபேசி மணி அடித்தால் பக்கத்து மேசையைத்தான் பார்த்தேன். இரண்டாம் ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது இலவசமாகக் கிடைத்த ஒன்று. 1943 முதல் வானொலி வழியாக ஆங்கிலம் கற்பித்துவரும் பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ நிகழ்ச்சிதான் அது. இரண்டு பேர் ஏதாவது ஒரு பொருளைப் பற்றிப் பேசுவார்கள். தொடக்கத்தில் மூன்று விடைகளோடு ஒரு கேள்வி கேட்டு, முடிவில் விடை சொல்வார்கள். நடுவில் வந்த ஆறு சொற்களைக் கடைசியில் திரும்ப விளக்குவார்கள். பேச்சு முழுவதும் எழுத்து வடிவிலும் கிடைக்கும். இதை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள், ஆனால் பின்னணியில் ஓடவிட்டுக்கொண்டு சமையல் செய்வதால் பயன் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் கேட்டு, ஒன்றும் ஒட்டவில்லை என்று விட்டுவிட இருந்தேன்.

திருப்பம் தொழிற்சாலையின் டேஸ்டிங் அறையில் வந்தது. ருசி பார்ப்பதற்காகத் தேயிலையை ஊறவைப்பதற்கு ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேச முறை உண்டு: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், ஊறும் நேரம் 6 நிமிடம். எங்கள் அறையிலும் வெள்ளைப் பீங்கான் குடுவைகளை வரிசையாக மூடிவைத்துவிட்டு ஆறு நிமிடம் காத்திருப்பார்கள். மாதிரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை என்னுடையது என்பதால், அந்த ஆறு நிமிடமும் எனக்குச் சும்மா இருக்கும் நேரம். அந்த பிபிசி நிகழ்ச்சியின் ஒரு பகுதியை ஒரு காதில் வைத்துக் கேட்பேன்; குடுவைகளைக் கவிழ்க்கும்போது பகுதியும் முடிந்திருக்கும். ஒரே பகுதியை ஒரு வாரம் முழுவதும் கேட்டேன். திங்கள் வெறும் காதால், செவ்வாய் எழுத்தைப் பார்த்துக்கொண்டு, அதன்பின் மாலைப் பேருந்தில் அவர்கள் பேசும் வேகத்திலேயே அரை நொடி பின்தங்கி உதட்டை அசைத்துச் சொல்லிக்கொண்டே. கட்டபெட்டு வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று கேட்டார். ஓராண்டில் ஏறத்தாழ ஐம்பது பகுதிகள்தான் கேட்டிருப்பேன். ஆனால் அந்த ஐம்பதிலும் எந்த இடத்தில் மூச்சு விடுகிறார்கள் என்பது வரை எனக்குத் தெரியும்.

அதே அறையில்தான் என் வேலைக்கு வேண்டிய ஆங்கிலமும் கிடைத்தது. தேயிலை ருசி பார்ப்பவர்களுக்கென்று ஒரு தனிச் சொற்கூட்டம் இருக்கிறது. நாக்கில் உயிரோட்டமாகச் சுண்டி இழுக்கும் துவர்ப்பு ‘பிரிஸ்க்’. அது இல்லாமல் சப்பென்று இருந்தால் ‘ஃப்ளாட்’. ட்ரையரில் சூடு கூடிப்போனால் ‘பேக்கி’. ஊறிய இலையில் புதுச் செப்புக்காசின் நிறம் தெரிந்தால் ‘காப்பரி’. எங்கள் டேஸ்டர் ஒவ்வொரு கிண்ணத்தையும் உறிஞ்சித் துப்பிவிட்டு ஒரே ஒரு சொல்லை உதிர்ப்பார். நான் அதை எழுதிக்கொண்டு, கூட்டம் கலைந்ததும் அதே கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்ப்பேன். அகராதியில் ‘பிரிஸ்க்’ என்று தேடினால் ‘சுறுசுறுப்பான’ என்று வரும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாக்கில் பட்ட சொல் மறக்கவில்லை. அந்த நோட்டில் 160 சொற்கள் சேர்ந்தன. வேலை மாறும்போது நடந்த நேர்காணலில் எனக்குச் சரளம் வரவில்லை. ஆனால் ஒரு மாதிரியைக் காட்டிக் கேட்டபோது நான் மூன்று சொற்களில் சொன்ன விடைதான் வேலை வாங்கித் தந்தது என்று பிறகு அங்குள்ள அக்கா ஒருவர் சொன்னார்.

இந்த இடத்தில் என் அப்பாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று இரு நாடுகளும் செய்த 1964 சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. காலையில் தோட்டத் தொழிலாளர்களைக் கணக்கெடுக்கும் இடத்தை அவர் ‘பெரட்டுக்களம்’ என்பார், குடியிருப்பு ‘லயம்’, கூலியைப் பேசி முடித்துச் செய்யும் வேலை ‘கொந்தரப்பு’. பரேட், லைன், கான்ட்ராக்ட் ஆகிய சொற்கள்தாம் தோட்டத்தில் புழங்கி இப்படி ஆயின. அவை ஆங்கிலம் என்பதே அவருக்குத் தெரியாது, தெரியாததால் பயமும் இல்லை. நான் பி.காம். படித்துவிட்டு ‘இன்வாய்ஸ்’ என்று சொல்லக் கூசியதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

பேசுவதற்கு ஆள் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஊட்டியில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் வேலை செய்யும் கல்லூரித் தோழியும் நானும் செவ்வாய், சனி இரவுகளில் அரை மணி நேரம் தொலைபேசியில் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். முதல் மாதம் ‘சாப்பிட்டாயா’ என்பதைத் தாண்டவில்லை. பிறகு அவள் கோபக்கார விருந்தினராகவும் நான் விடுதி ஊழியராகவும், அவள் தேயிலை வாங்குபவராகவும் நான் விற்பவராகவும் மாறி மாறி நடித்தோம். எண்களை மட்டும் பத்து நிமிடம் சொல்லிச் சரிபார்ப்போம். இப்போது எந்த விலையைக் கேட்டாலும் ‘ஒன் ஒன் ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாகத் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்வது என் பழக்கம். இதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் price, prize என்று விலையையும் பரிசையும் வேறுபடுத்திச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் விலை பேசும் இடத்தில் பரிசு பற்றி யாரும் பேசப்போவதில்லை என்பதால் அதை விட்டுவிட்டேன்.

எழுத்து எளிதாகவே வந்தது. புதிய அலுவலகத்தில் பழைய கோப்புகளில் இருந்த நல்ல மின்னஞ்சல்களைப் படித்து, வாக்கியங்களை அப்படியே எடுத்து ஆண்டேன். ‘ஆவன செய்யவும்’ என்ற பொருளில் இங்கே எழுதும் ‘டூ த நீட்ஃபுல்’ என்பதை வெளிநாட்டுக்கு எழுதும்போது தவிர்க்கச் சொன்னார்கள், தவிர்த்தேன். வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடன் உறுதிக் கடிதத்தின் (லெட்டர் ஆஃப் கிரெடிட்) பேரில் சரக்கு அனுப்பும்போது, ஓர் ஆவணத்தில் உள்ள பெயரும் மற்றோர் ஆவணத்தில் உள்ள பெயரும் முரண்பட்டால் வங்கி பணம் தராமல் நிறுத்தலாம் என்பதால், இங்கே இலக்கணத்தைவிடக் கவனம்தான் பெரிது.

தேர்வு எழுத வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: ஐஇஎல்டிஎஸ் தேர்வு வெளிநாட்டுப் படிப்புக்கோ, குடியேற்றத்துக்கோ, அங்கே செவிலியர் வேலைக்கோ போகிறவர்களுக்கானது, அதன் மதிப்பெண்ணைப் பொதுவாக இரண்டு ஆண்டுக்குத்தான் ஏற்பார்கள். உள்ளூரில் வேலை தேடுபவர் அதற்குப் பணம் கட்டுவது, மழைக்காலம் முடிந்தபின் குடை வாங்குவது மாதிரி. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலை அளவுகோலைக் கொண்டு இணையத்தில் இலவசத் தேர்வுகள் உண்டு. நான் தொடங்கியபோது ஏ2 காட்டியது. இப்போது பி1இன் மேல்விளிம்பு. சரளம் என்று விளம்பரங்கள் சொல்வதற்கு இன்னும் இரண்டு படி ஏற வேண்டும்.

சம்பளம் 13,000 ரூபாயிலிருந்து 21,000 ஆயிற்று. இதில் குன்னூர் வாடகை போக மிஞ்சுவது அவ்வளவு பெரிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து பேர் சேர்ந்து பேசும் காணொளிக் கூட்டங்களில் இன்றும் பாதிதான் பிடிபடுகிறது. ரஷ்யாவிலிருந்து பேசும் ஒருவரின் ஆங்கிலம் மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிகிறது. அவர் மொழியிலும் நம் மொழியைப் போலவே ஆங்கிலத்தின் ‘த’ (the) போன்ற சொல் இல்லையாம், இருவரும் அதை விட்டுவிட்டே வியாபாரம் பேசிக்கொள்கிறோம்.

பிபிசி நிகழ்ச்சியைக் கேட்கத் தொடங்குகிறவர்கள் முந்தைய இரவே பகுதியையும் அதன் எழுத்து வடிவத்தையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மலைப்பாதையில் மூன்று வளைவு திரும்பினால் சிக்னல் போய்விடும்.