எடிட்டிங்கில் வீடியோ திணறுகிறதா? மூன்று வருட அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் முகூர்த்த நாள் என்றால் ஒரே காலையில் அடுத்தடுத்து எத்தனையோ கல்யாணங்கள். அவற்றில் ஒன்றாவது என் மேசைக்கு வந்துவிடும். மூன்று வருடமாக 4கே ஃபுட்டேஜில்தான் வேலை. அதில் முதல் வருடம் முழுக்க ஒரே தொல்லை: டைம்லைனில், அதாவது கிளிப்புகளை அடுக்கி வெட்டும் இடத்தில், ப்ளே செய்தால் படம் திக்கும்.

ஒரு நாள் பெண்ணின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கேமரா ஃபுட்டேஜ். கெட்டிமேளம் கொட்டுகிறது, மாப்பிள்ளையின் கை தாலியோடு உயர்கிறது, படம் அப்படியே நின்றுவிட்டது. நாதஸ்வரம் மட்டும் ஓடியது. மறுபடி படம் அசைந்தபோது முடிச்சு விழுந்தாகிவிட்டது. "என்ன தம்பி, அந்த இடம் பதிவாகலையா?" என்றார். முகம் வாடிவிட்டது. உடனே அந்தப் பகுதியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து காட்டினேன், எல்லாம் சரியாக இருந்தது.

இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. எக்ஸ்போர்ட் செய்த பிறகு தடுமாற்றம் இல்லையென்றால் ஃபுட்டேஜ் கெடவில்லை. அதை அந்த வேகத்தில் பிரித்துக் காட்ட முடியாமல் கம்ப்யூட்டர் தவிக்கிறது, அவ்வளவுதான்.

நான் அது தெரியாமல் ராமை 16 ஜிபியிலிருந்து 32 ஆக்கினேன். மாற்றமே இல்லை. அப்புறம் ஹார்ட் டிஸ்க் மேல் சந்தேகப்பட்டு எஸ்எஸ்டி வாங்கினேன். கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். என் கேமரா பதிவது நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 எம்பி. மூன்று கேமராவுக்கும் சேர்த்து 37.5 எம்பி. பழைய ஹார்ட் டிஸ்க்கே தாங்கக்கூடிய அளவு.

காரணம் கோப்புக்குள் இருந்தது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கிளிப்பைத் திறந்தபோது எச்.265, 10 பிட், 4:2:2 என்று காட்டியது. எச்.265 என்பது வீடியோவைச் சுருக்கும் முறை, மற்ற இரண்டும் நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்பதைச் சொல்பவை. எச்.265 ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. ஒரு முழுப் படம், அதன் பிறகு மாறியவை மட்டும். டைம்லைனில் நடுவில் எங்காவது கிளிக் செய்தால், முந்தைய முழுப் படத்திலிருந்து கணக்குப் போட்டு வந்தால்தான் அந்த ஃப்ரேம் கிடைக்கும். இதைப் பிரிக்கத் தனி வன்பொருள் இருந்தால் சுமை தெரியாது. ஆனால் 4:2:2 வகையைப் பல கிராபிக்ஸ் கார்டுகள் தொடுவதில்லை, என்னுடையதும் அப்படித்தான். முழுச் சுமையும் பிராசஸர் தலையில். இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸர்கள் இந்த எச்.265 4:2:2 கோப்பைப் பிரிக்கும். புதிதாக வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

நான் புதிதாக வாங்கவில்லை, ப்ராக்ஸிக்கு மாறினேன். ப்ராக்ஸி என்றால் எடிட் செய்யும்போது ஒரிஜினலுக்குப் பதிலாக ஓடும் சிறிய நகல். இரவு சாப்பிடப் போகும்போது எல்லா கிளிப்புக்கும் 720பி அளவில், புரோரெஸ் என்ற எடிட்டிங்குக்கு ஏற்ற வடிவில், ப்ராக்ஸி போடச் சொல்லிவிடுவேன். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும் ஒரிஜினலுக்கு ஏறக்குறைய 7 ஜிபி ப்ராக்ஸி. புரோரெஸ்ஸில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கும், அதனால் முன்னும் பின்னும் இழுத்தாலும் படம் கையோடு வரும். இரண்டு வருடமாக இதே முறைதான். இதில் இரண்டு விஷயம் கவனம். ப்ராக்ஸியின் ஃப்ரேம் ரேட்டும் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு) ஆடியோ சேனல் எண்ணிக்கையும் ஒரிஜினலோடு ஒத்துப்போக வேண்டும். வாடிக்கையாளருக்குப் படத்தின் நுணுக்கத்தைக் காட்டும்போது ப்ராக்ஸியை அணைத்துவிட வேண்டும். 720பியில் பட்டுப்புடவையின் ஜரிகை மங்கி, பார்டர் ஒரே மஞ்சள் பட்டையாகத் தெரியும். கலர் கரெக்‌ஷனும் ஒரிஜினலில்தான்.

போன் கிளிப் வேறு கதை. பெண்ணின் தம்பி எடுத்த ஊர்வல வீடியோவில் தவில்காரர் குச்சி தோலில் படும்போது சத்தம் வரவில்லை. ஆரம்பத்தில் சரியாக இருந்தது, போகப் போக விலகியது. பல போன்கள் ஃப்ரேம் ரேட்டை நிலையாக வைப்பதில்லை. மீடியாஇன்ஃபோவில் 'வேரியபிள்' என்று இருந்தால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு டைம்லைனில் போடுங்கள். போட்ட பிறகு மாற்றினால் கட் பண்ணியதெல்லாம் மறுபடி செய்ய வேண்டிவரும்.

இவ்வளவும் செய்தும் சிலசமயம் ப்ளே அழுத்தியதும் படம் நின்றது. எடிட்டிங் மென்பொருளின் ஆடியோ செட்டிங்கில் இன்புட்டாக வெப்கேம் மைக் இருந்தது. 'நோ இன்புட்' என்று மாற்றினேன், அன்றோடு நின்றது. ராம் மாற்றுவதற்கு முன் இதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

போன மாதம் அதே பெண்ணின் வளைகாப்பு வேலையும் எனக்கே வந்தது. பழைய ப்ராஜெக்டைத் திறந்து ப்ராக்ஸி போட்டு வைத்திருந்தேன். அப்பா வந்தார். தாலி கட்டும் இடத்தை மூன்று கோணத்திலும் நிற்காமல் ஓட்டினேன். "அந்த மூணாவது கேமராவுல இன்னொரு தடவை போடுங்க தம்பி" என்றார்.